முந்திப்போன குண்டன்

என் அத்தைக்கு வேலை, சொட்டுகளைப் பார்த்துக்கொண்டிருப்பது. வெளியில் இப்படிச் சொன்னால், ஒழுகுகிற குழாய்க்குக் காவலா என்று கேட்கிறார்கள். அப்பா பார்க்கிறவர்களிடமெல்லாம், "என் தங்கச்சி விஞ்ஞானி" என்று சொல்லி வைத்திருக்கிறார். அத்தையைக் கேட்டால், "கேமரா பார்க்கிற ஆள்" என்பாள். ஆய்வுக்கூடத்து வாசலில் அவள் கையெழுத்துப் போடுகிற நோட்டில் அவள் பெயருக்கு எதிரே ஒரே வார்த்தைதான் இருக்கும்: தற்காலிகம்.

நான் கணக்கில் இரண்டு முறை கோட்டை விட்டவள். அதனால் எனக்குப் புரிந்த மாதிரியே சொல்கிறேன். தீப்பெட்டி அளவுக்கு ஒரு கண்ணாடித் துண்டு. அதைச் சிப் என்கிறார்கள். அதற்குள் தலைமுடி போக மட்டும் இடமுள்ள ஒரு வழி. அதற்குக் கால்வாய் என்று பெயர். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளலாம், நான் சிரித்து முடித்தாயிற்று. ஒரு பக்கத்திலிருந்து எண்ணெயையும் இன்னொரு பக்கத்திலிருந்து ரத்தம் கலந்த மருந்துத் தண்ணீரையும் காற்றழுத்தம் கொடுத்து உள்ளே தள்ளுவார்கள். இரண்டும் சந்திக்கிற இடத்தில் தண்ணீர் துண்டு துண்டாக அறுந்து, எண்ணெய்க்கு நடுவே சொட்டுகளாக வரிசை கட்டிப் போகும். எல்லாம் ஒரே அளவு, ஒரே இடைவெளி. கால்வாய் ஒரு சூடான தகட்டின் மேல் வளைந்து வளைந்து செல்லும். அந்தச் சூட்டில் பத்து நிமிடம் இருந்தால், கிருமி உள்ள சொட்டு மட்டும் பச்சையாக ஒளிரும். எதுவும் ஒளிராவிட்டால் ரத்தம் சுத்தம்.

பிறந்து சில நாளே ஆன குழந்தைகளுக்காகச் செய்தது அது. காய்ச்சல் கண்ட பச்சைக் குழந்தையின் ரத்தத்தை வழக்கமான முறையில் சோதித்தால் பதில் வர இரண்டு நாள் ஆகும். சிப்பை உள்ளே வைத்த இந்தப் பெட்டி அரை மணியில் சொல்லிவிடும். ஆனால் சொட்டு சூட்டில் பத்து நிமிடம் இருந்தாக வேண்டும். அதற்குச் சொட்டு என்ன வேகத்தில் போகிறது என்று தெரிந்தாக வேண்டும். அதைப் படம் பிடித்து அளந்து சொல்பவள்தான் அத்தை.

அதற்கு முன்பு ஒன்பது வருடம் ஒரு மாத்திரைத் தொழிற்சாலையில் இருந்தாள். பெல்ட்டில் டப்பாக்கள் ஓடிக்கொண்டே இருக்கும். மூடி கோணினது, சப்பையானது எல்லாவற்றையும் கையால் தூக்கித் தனிப் பெட்டியில் போட வேண்டும். தொழிற்சாலையை மூடியபோது அவளிடம் மிச்சம் இருந்தது இரண்டு கண்களும் ஒரு முதுகுவலியும்தான். ஆய்வுக்கூடத்தின் தலைவி டாக்டரம்மா, நேர்காணலில் சொட்டுகள் ஓடும் வீடியோ ஒன்றைக் காட்டி, "எத்தனை?" என்று கேட்டாராம்.

"நானூத்திப் பன்னிரண்டு, மேடம். அதுல மூணு சப்பை."

கணினி நானூற்று ஒன்பது என்றது. அங்கே ஆராய்ச்சி செய்யும் மாணவன் ஒருவன் (நிமிடத்துக்கு ஒருமுறை மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பதால் எங்கள் வீட்டில் அத்தை அவனுக்கு வைத்திருக்கும் பெயர் 'கண்ணாடி') "புரோகிராம் சப்பையைச் சேர்க்காது மேடம். உருவம் மாறினதை ஓரமாத் தள்ளிடும்" என்றான். டாக்டரம்மா அத்தையைப் பார்த்துச் சிரித்தார். வேலை கிடைத்தது.

எட்டு மாதத்தில் நாற்பத்தொரு முறை அளந்தாள். கணினி அளப்பது போதாதென்று, ஒவ்வொரு வீடியோவிலும் இருநூறு சொட்டைத் தானே சுட்டியால் தொட்டுத் தொட்டுக் குறிப்பாள். இந்தப் படத்தில் இங்கே இருந்த சொட்டு, அடுத்த படத்தில் எங்கே என்று தேடி, பக்கத்தில் இருப்பதைத் தொடுவாள். கணினி செய்வதும் அதையேதான். இருவரின் விடையும் ஒன்றாக இருக்கும். நாற்பத்தொரு முறையும் ஒரே வேகம். இந்த அளவுகளை வைத்து எழுதும் அறிக்கையில் மூன்றாவதாக அத்தையின் பெயரையும் போடுவதாக டாக்டரம்மா சொன்ன அன்று, அப்பா சுவரில் ஆணி அடித்துவிட்டார், சட்டம் போட்டு மாட்ட. பெயர் வர வேண்டிய நாளுக்கு நான்கு மாதம் முன்பே.

இரண்டு விஷயம் மட்டும் அத்தையை உறுத்திக்கொண்டிருந்தது. ஒன்று எண்ணெய். சொட்டு போகிற வேகத்துக்கு இவ்வளவு எண்ணெய்தான் செலவாகும் என்று ஒரு கணக்கு உண்டு. அதைப் போல ஐந்து மடங்கு தீர்ந்தது. ஸ்டோர்காரர் ஒவ்வொரு முறையும் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டுவார்.

"என்னம்மா, மறுபடியுமா? வீட்டுல சமையலே இதுலதானா?"

"ஆமா சார். உங்களுக்கும் ஒரு டப்பா கட்டித் தரவா?"

எங்கேயோ ஒழுகுகிறது என்று எழுதிக்கொள்ளச் சொன்னான் கண்ணாடி. அத்தை எழுதினாள். ஆனால் குழாய் சேரும் ஒவ்வொரு இடத்துக்குக் கீழேயும் ஒரு டிஷ்யூ காகிதம் விரித்து வைத்தாள். எட்டு மாதத்தில் அது ஒரு நாளும் நனையவில்லை. இது இரண்டாவது.

அறிக்கை போக வேண்டிய நாள் ஒரு வெள்ளிக்கிழமை. மாலை நான்கு மணிக்குள் குழந்தைகள் மருத்துவமனைக்குப் போய்ச் சேர வேண்டும். அதே மாதிரி ஒரு பெட்டியை அங்கே முந்தின வாரமே கொடுத்திருந்தார்கள், வெறும் தண்ணீரை ஓட்டி நர்ஸுகள் கை பழகட்டும் என்று. அறிக்கை கிடைத்தால் திங்கட்கிழமை முதல் குழந்தைகளுக்கு.

அன்றைக்குப் போய் நான் அத்தையின் சாப்பாட்டுப் பெட்டியில் கூழாங்கற்களைப் போட்டு அனுப்பியிருந்தேன். கனம் குறையக் கூடாதென்று தராசில் நிறுத்துப் போட்டேன். வேலை என்றால் ஒழுங்காகச் செய்ய வேண்டும்.

பன்னிரண்டரைக்குப் போன் வந்தது. "ஏய் வாலு, இந்தக் கல்லை நான் எதைத் தொட்டுக்கிட்டுத் திங்கறது?"

நிஜச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போனேன். அவள் அறை தரைக்கு அடியில் இரண்டு மாடி கீழே. ஜன்னல் கிடையாது. செருப்பை வெளியே விட்டு, வாசலில் ஒட்டுகிற விரிப்பில் காலை வைத்துத் தூசி நீக்கிவிட்டுத்தான் நுழைய வேண்டும். யாராவது நடந்தால் படம் அதிருமென்று மேசைக் கால்களுக்கு அடியில் தடித்த ரப்பர். மைக்ரோஸ்கோப்பைச் சுற்றிக் கறுப்புத் திரை. மூலையில் காற்றழுத்தும் இயந்திரம் டுக்டுக்கென்று ஓடிக்கொண்டிருந்தது. அத்தை திரைக்கு முன்னால் உட்கார்ந்து, பென் டிரைவ் ஒன்றைச் சுத்தம் செய்துகொண்டிருந்தாள். அறிக்கையை அதில் ஏற்ற இடம் வேண்டும்.

"என்ன அது, குப்பைன்னு பேர் போட்டிருக்கே?"

"புரோகிராம் கழிச்சுப் போட்டதெல்லாம். வாரா வாரம் அழிச்சிடச் சொன்னாங்க. எனக்கு மனசு வரல. மாத்திரைக் கம்பெனில சாயங்காலம் கழிச்ச பெட்டியத் திறந்து ஒவ்வொண்ணாப் பார்த்துட்டுத்தான் விடுவாங்க. இங்க பார்க்கத்தான் நேரம் கிடைக்கல." அழிக்கும் பொத்தானுக்குப் போன விரல் நின்றது. "ஒரு தடவை பார்த்துட்டு அழிச்சிடறேன். அறுபத்து மூணுதான்."

முதலாவதைத் திறந்தாள். திரையில் முத்து முத்தாகச் சொட்டுகள். நடுவில் ஒன்று மட்டும் பருத்து, நீண்டு, இரண்டு சொட்டு ஒட்டிக்கொண்டது போல இருந்தது.

"குண்டன்" என்றேன்.

"உன்னை மாதிரி" என்றாள்.

ஒவ்வொரு படமாக நகர்த்தினாள். மற்ற சொட்டெல்லாம் படத்துக்குப் படம் கால் இடைவெளி, கால் இடைவெளியாக வலப்பக்கம் ஊர்ந்தன. குண்டன் முதல் படத்தில் இடமிருந்து இரண்டாவது. அடுத்ததில் மூன்றாவது. அதற்கடுத்ததில் நான்காவது. அத்தை சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தவள், ஐந்தாவது என்று சொல்லுமுன் முதல் படத்துக்குத் திரும்பிப் போனாள். 

"நல்லா ஓடறானே, எல்லாரையும் முந்திட்டு" என்றேன்.

"எப்படிடி முந்துவான்?" மெதுவாகக் கேட்டாள். "அங்க அகலமே ஒரு ஆளுக்குத்தான். முன்னால போறவன விழுங்கிட்டா போவான்?"

 கேட்டது என்னையல்ல. இரண்டாவதைத் திறந்தாள். அது ஒரு சப்பை. அதுவும் படத்துக்கு ஒரு ஆளைத் தாண்டியது. மூன்றாவதில் ஒரு தூசி ஒட்டிய சொட்டு. அதுவும். பத்து, இருபது, முப்பது. அத்தையின் கை சில்லென்றாகிவிட்டது. நான் பிடித்துப் பார்த்ததால் தெரியும். எப்போதும் என்னைத் தட்டிவிடுகிற கை, அப்படியே கிடந்தது.

அறுபத்து மூன்றும் முடிந்தபோது மணி மூன்றைத் தாண்டிவிட்டது. சாப்பாட்டுப் பெட்டி திறக்கவே இல்லை.

"யாரும் முந்தல" என்றாள். "எல்லாருமே ஓடியிருக்காங்க. அடுத்த படம் எடுக்கறதுக்குள்ள ஒவ்வொருத்தனும் ஒரு முழு இடம் தாண்டி, அதுக்கு மேல காலும் போயிடறான். அவன் இருந்த இடத்துக்குப் பக்கத்துல பின்னால வந்தவன் வந்து நிக்கறான். எல்லாம் ஒரே மூஞ்சி. நான் பின்னால வந்தவனைப் பார்த்து, பழையவன்தான் கொஞ்சம் ஊர்ந்திருக்கான்னு..." அவள் கை தானாகச் சுட்டியைத் தேடியது. "எட்டு மாசமா தொட்டுத் தொட்டுக் குறிச்சிருக்கேன்டி."

மூஞ்சி மாறியவர்களைத்தான் அடையாளம் தெரியும். அவர்களைத்தான் புரோகிராம் பார்த்துப் பார்த்து வெளியே தள்ளியிருக்கிறது.

கால் இடைவெளி என்று நினைத்தது ஒன்றேகால். ஐந்து மடங்கு. இது எனக்கே வந்த கணக்கு. எண்ணெய் ஐந்து மடங்கு. நனையாத காகிதம். அடுத்த கணக்கும் எனக்கே வந்தது. சூட்டில் பத்து நிமிடம் இல்லை. இரண்டே நிமிடம். கிருமி இருந்தாலும் சொட்டு ஒளிராது. பெட்டி சுத்தம் என்று சொல்லும்.

அப்போதுதான் கண்ணாடி உள்ளே வந்தான், அச்சடித்த அறிக்கையைக் கையில் பிடித்துக்கொண்டு. "அக்கா, உங்க பேர் எவ்வளவு அழகா வந்திருக்கு பாருங்க."

அத்தை திரையைக் காட்டினாள். அவன் ஒரு சிரிப்போடு, "அதெல்லாம் கோளாறுக்கா, அழிச்சிடுங்க" என்றான். அத்தை குண்டனை மறுபடி ஓட்டினாள். அவன் கண்ணாடியைக் கழற்றினான். துடைக்கவில்லை. வெறுங்கண்ணோடு திரைக்கு அவ்வளவு பக்கத்தில் குனிந்தான். 

"ஐம்பதுன்னு வெச்சது நான்தான்" என்றான். கேமரா ஒரு நொடிக்கு எடுக்கும் படங்கள். "அதுக்கு மேல வெச்சா கணினி திணறுதுன்னு..."

"தம்பி, மேடம் கிட்டப் போவோம்."

"நாலு மணிக்கு இன்னும் முப்பது நிமிஷம்தான் இருக்கு. இது போகட்டும்க்கா. திங்கட்கிழமை காலைல நானே சரி பண்ணி அனுப்பிடறேன். என் மூணு வருஷம்க்கா இது." அறிக்கையை அவள் பக்கம் நீட்டினான். "உங்களுக்கும்தான். வருஷக் கடைசில உங்களை வெச்சுக்கறதா வேண்டாமான்னு இந்த அறிக்கையைப் பார்த்துத்தான் முடிவு பண்ணுவாங்க. தெரியுமில்ல?"

அத்தை அந்த அறிக்கையின் முதல் பக்கத்தைப் பார்த்தாள். மூன்றாவது பெயரை.  நான் மனதுக்குள் என்னென்னவோ வேண்டிக்கொண்டேன். எந்தப் பக்கம் வேண்டிக்கொண்டேன் என்று சொல்ல மாட்டேன்.

"திங்கட்கிழமை காலைல முதல் குழந்தை எத்தனை மணிக்குத் தம்பி வரும்?" என்று கேட்டாள்.  பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு வெளியே போனாள். ஒரு காலில் அவள் செருப்பு, இன்னொரு காலில் அவனுடையது. நான்கு மாடி ஏறும்வரை அவளுக்கும் பின்னாலேயே ஓடிய எனக்கும் அது தெரியவில்லை.

அறிக்கை வந்ததும் கையெழுத்துப் போட டாக்டரம்மா பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"உக்காருங்க."

"உக்கார முடியாது மேடம். நான் அளந்தது தப்பு."

"எந்த வீடியோல?"

"நாற்பத்தொண்ணுலயும்."

டாக்டரம்மா சிரித்தேவிட்டார். "நாற்பத்தோரு தடவையும் ஒரே விடை வந்திருக்கேம்மா!"

"ஒரே தப்பைத்தானே மேடம் நாற்பத்தோரு தடவையும் செஞ்சேன்."

அவர் குண்டனைப் பார்த்தார். ஒரே ஒரு முறை. பேனாவை மூட மறந்து எழுந்தார். கீழே வந்ததும் கண்ணாடியிடம், "சிப்பைத் தொடாதே. அழுத்தத்தைத் தொடாதே. கேமராவை மட்டும் ஐம்பதுலேர்ந்து எழுபதாக்கு" என்றார். எங்களுக்கும் சேர்த்துச் சொன்னார்: "நிஜமாவே மெதுவா ஊர்ந்தா, இன்னும் மெதுவாத் தெரியும். ஆனா முன்னாடிதான் போகும். போகணும்."

கண்ணாடியின் விரல் எண்ணை மாற்ற இரண்டு முறை தவறியது. மூன்றாவது முறை எழுபது என்று விழுந்தது.

சொட்டுகள் பின்னால் போயின.

அத்தனை சொட்டும் வரிசை கலையாமல், நிதானமாக, வலமிருந்து இடமாக, வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தன. சிப்பில் யாரும் கை வைக்கவில்லை. எண்ணெய் முன்னால்தான் போகிறது, குப்பியில் மட்டம் இறங்குவது கண்ணுக்குத் தெரிகிறது. திரையில் மட்டும் எல்லாம் பின்னால். இப்போது அடுத்த படத்துக்குள் ஒவ்வொருவனும் ஒரு முழு இடத்துக்குச் சற்றுக் குறைவாகவே போகிறான், அதனால் பின்னால் வருகிறவனைக் கண் பழையவன் என்று எடுத்துக்கொண்டு, பின்வாங்கிவிட்டான் என்கிறது. பேயைப் பார்த்தால்கூட எனக்கு அப்படித் தூக்கிவாரிப் போட்டிருக்காது.  டாக்டரம்மா நாற்காலியைத் தேடிப் பின்னால் கையை நீட்டினார். நாற்காலி அங்கே இல்லை. அத்தை பிடித்துக்கொண்டாள்.

மணி மூன்று ஐம்பது. டாக்டரம்மா மருத்துவமனைக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி மேசையில் வைத்து ஸ்பீக்கரில் பேசினார். அந்தப் பக்கத்து டாக்டருக்கு நல்ல உற்சாகம்.

"நானே கூப்பிடலாம்னு இருந்தேன்! உங்க பெட்டி பிரமாதம். காலைலயே ரெண்டு குழந்தைக்குப் போட்டுப் பார்த்தோம்."

"தண்ணி மட்டும்தானே ஓட்டச் சொன்னேன்?"

"எப்படியும் திங்கட்கிழமைலேர்ந்துதானே, என்ன பெரிய வித்தியாசம்னு போட்டோம். ரெண்டும் சுத்தம். ஒண்ணை மத்தியானமே வீட்டுக்கு அனுப்பிட்டோம்."

அத்தை மூலைக்குப் போய், டுக்டுக்கென்று ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்தினாள்.   

"திரும்பக் கூப்பிடுங்க" என்றார் டாக்டரம்மா. "இப்பவே. பெட்டி சொன்னதை மறந்துடுங்க. ரெண்டு குழந்தைக்கும் மருந்தை ஆரம்பிச்சிடுங்க. தப்பு எங்களோடது."

அறிக்கை நான்கு மணிக்குப் போகவில்லை. ஐந்து மணிக்குக் கண்ணாடி, நீலச் சாயம் கலந்த தண்ணீரை உள்ளே விட்டுக் கையில் கடிகாரத்தோடு நின்றான். பத்து நிமிடத்தில் வர வேண்டிய நீலம் இரண்டு நிமிடத்தில் வந்துவிட்டது. அவன் யாரையும் பார்க்கவில்லை. எழுதிக்கொண்டான்.

பஸ்ஸில் அத்தை திறக்காத சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். நான் பேசாமல் வந்தேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய செய்தி என்று புரியும்.

வீட்டில் அப்பா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ பேரு?" என்றார்.

"வராதுண்ணா."

அப்பா ஆணியைப் பார்த்தார். அத்தை எழுந்து போய்த் தன் கைப்பையை அதில் மாட்டினாள். "இதுக்கும் ஒரு இடம் வேணும்ல" என்றாள்.

சனிக்கிழமை முழுக்க அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலை சீவவில்லை. ஒருமுறை என்னிடம், "ஏன்டி, அந்தக் குழந்தை வீடு ரொம்பத் தூரமா இருந்திருந்தா?" என்று கேட்டாள். நான் ஒரு ஜோக் சொல்ல நினைத்தேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அவள் பின்னால் உட்கார்ந்து தலையைச் சீவிவிட்டேன். ஒரு பக்கம் கோணல்தான், வேண்டுமென்று செய்ததில்லை.

ஞாயிறு மத்தியானம் டாக்டரம்மா போன் செய்தார். வழக்கமான சோதனையின் பதில் வந்துவிட்டது. மருத்துவமனையிலேயே இருந்த குழந்தைக்கு ஒன்றுமில்லை. வீட்டுக்குப் போன குழந்தையின் ரத்தத்தில் கிருமி இருந்தது. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கே திரும்பக் கொண்டுவந்து மருந்தை ஆரம்பித்துவிட்டார்கள். காய்ச்சல் இறங்கிவிட்டது. பால் குடிக்கிறது. பெண் குழந்தை.

அத்தை சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். போனில் குரல் தொடர்ந்துகொண்டிருந்தது. நான் காதை ஒட்ட வைத்துக் கேட்டேன். "நாளைக்கு ஏழு மணிக்கு வந்துடுங்க."

"எந்த வேலைக்கு மேடம்?"

"என்ன கேள்வி? அந்த அறுபத்து மூணுலேர்ந்து எல்லாத்தையும் மறுபடி அளக்கணும். அதை வெச்சிருக்கறது நீங்க ஒருத்தர்தானே."

வருடக் கடைசியைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. அத்தையும் கேட்கவில்லை. வாசல் நோட்டில் இன்றைக்கும் தற்காலிகம் என்றுதான் இருக்கிறது. நான் போன வாரம் பார்த்தேன்.

திங்கட்கிழமை காலை சாப்பாட்டுப் பெட்டியை நானே கட்டினேன். நிஜமான சாப்பாடு, அத்தைக்குப் பிடித்தது, கொஞ்சம் கூடவே வைத்தேன். அத்தை அதைக் கையில் வாங்கி எடை பார்த்தாள். பிறகு வாசற்படியிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு அடுக்காகத் திறந்தாள்.

"அத்தை, சத்தியமா சாப்பாடுதான். கனமாத்தானே இருக்கு?"

"அன்னைக்கும் கனமாத்தான் இருந்துச்சு" என்றாள். கடைசி அடுக்கையும் திறந்து, விரலால் தொட்டு, வாயில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மூடினாள்.